மைக்ரோஅரேயில் ஒளிரும் புள்ளி எதைச் சொல்கிறது?

பல்லாயிரம் மரபணுக்களின் இயக்கத்தை ஒரே கண்ணாடித் தகட்டில் அளக்கும் முறை மைக்ரோஅரே. அதன் ஸ்கேனரிலிருந்து கணினிக்கு வந்து சேரும் கோப்பில் மரபணுக்களின் அளவு இருப்பதில்லை. ஒளியின் அளவுதான் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் ஒவ்வொரு புள்ளியும் லேசர் ஒளி பட்டபோது எவ்வளவு மின்னியது என்பதை வரிசையாக எழுதிவைத்த, பல்லாயிரம் வரிகள் கொண்ட ஓர் அட்டவணை அது. அந்த எண்களிலிருந்து நோயாளியின் உடலில் என்ன நடந்தது என்பதை அறிய வேண்டுமானால், குருதி எடுத்த கணத்திலிருந்து தகடு உலர்ந்த கணம் வரை நடந்த ஒவ்வொன்றும் அந்த எண்ணில் தன் பங்கைச் சேர்த்திருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும். கொழும்பில் டெங்கு நோயாளிகளின் குருதி மாதிரிகளோடு இந்த வேலையைச் செய்து வருபவள் என்ற முறையில், அந்தப் பங்குகள் எவை, அவற்றில் எவற்றைக் கணக்கால் கழிக்கலாம், எவற்றை எந்தக் கணக்காலும் கழிக்க முடியாது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவுள்ள நம் கலங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். ஈரற் கலமும் நரம்புக் கலமும் வேறுபடுவது, எந்த மரபணு எப்போது எவ்வளவு இயங்குகிறது என்பதால். இயங்கும் மரபணுவிலிருந்து தூது ஆர்என்ஏ படியெடுக்கப்படுகிறது. அந்தத் தூது ஆர்என்ஏயைப் பிரித்தெடுத்து, அதற்குச் சாயமேற்றிய பிரதிகளை உருவாக்கி, ஒவ்வொரு மரபணுவுக்கும் பொருந்தும் ஒற்றை இழை டிஎன்ஏத் துண்டுகள் நடப்பட்ட கண்ணாடியின் மேல் ஊற்றினால், அடினின் தைமினோடும் குவானின் சைற்றோசினோடும் சேரும் அதே விதிப்படி அவை தத்தம் இணையைத் தேடி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, ஒட்டியவற்றின் ஒளிர்வை அளக்கிறோம். மைக்ரோஅரேயின் முழுக் கருத்தும் இவ்வளவுதான்.

1995ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் பிரவுனின் ஆய்வுகூடத்திலிருந்து மார்க் ஷெனாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில் அளக்கப்பட்டவை, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்ற சிறு செடியின் 45 மரபணுக்கள் மட்டுமே. இரண்டே ஆண்டுகளில், 1997இல், அதே ஆய்வுகூடத்தினர் ஈஸ்ட்டின் ஏறத்தாழ எல்லா மரபணுக்களையும் ஒரே தகட்டில் வைத்து, குளுக்கோசு தீர்ந்துபோகும் வேளையில் ஈஸ்ட் தன் வாழ்முறையை எப்படி மாற்றிக்கொள்கிறது என்று காட்டிவிட்டார்கள். மறுபக்கம் ஸ்டீபன் ஃபோடரின் குழுவினர், கணினிச் சில்லு செய்யும் தொழில்நுட்பத்தைப் போல ஒளியை மறைத்தும் விட்டும் கண்ணாடியின் மேலேயே டிஎன்ஏயை எழுத்தெழுத்தாகக் கட்டும் முறையை 1991இலேயே விவரித்திருந்தார்கள்; அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் 25 நியூக்கிளியோதைட்டு, அதாவது 25 எழுத்து, நீளத் துண்டுகள் அவ்வழியில் வந்தவை. நாங்கள் பயன்படுத்துவது அஜிலென்ட் தகடு. அதில் 60 நியூக்கிளியோதைட்டு நீளமுள்ள துண்டுகள், மைத்தூவல் அச்சுப்பொறியின் முறையில் சொட்டுச் சொட்டாக அச்சிடப்படுகின்றன. நுணுக்குக்காட்டிக்கு வைக்கும் சாதாரணக் கண்ணாடித் தகட்டின் அளவேயான ஒன்றில் எட்டு அணிகள், அதாவது எட்டுத் தனித்தனிப் புள்ளித் தொகுதிகள். ஒவ்வோர் அணியிலும் ஏறத்தாழ 60,000 புள்ளிகள். ஒரு தகட்டில் எட்டு நோயாளிகளை வைக்கலாம் என்ற இந்த ஒழுங்கு எங்கள் ஆய்வின் விதியையே தீர்மானித்தது. அதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

டெங்கை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று இலங்கையில் இருக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டில் மட்டும் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளிகள் நாட்டில் பதிவானார்கள். வைத்தியசாலைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் காய்ச்சல் விட்டு வீடு திரும்புவார்கள். சிலருக்கு மட்டும் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கி, டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல் என்ற நிலைக்குப் போகும். யார் அந்தச் சிலர் என்பதை முன்கூட்டியே குருதியின் தூது ஆர்என்ஏயில் கண்டுகொள்ள முடியுமா என்பதே, உலகெங்கும் பல ஆய்வுக் குழுக்களைப் போல, எங்களுடைய கேள்வியும்.

குருதி என்று சொல்லிவிடுவது எளிது. ஆர்என்ஏயோ, சிதைக்கும் நொதியங்கள் எங்கும் நிறைந்த உலகில் வாழும் ஒரு பொருள். நம் விரல் நுனியிலும் அந்த நொதியங்கள் இருக்கின்றன. அதோடு, உடலை விட்டு வெளியேறிய வெண்குருதிக் கலங்கள், சுருக்கமாக வெண்கலங்கள், குழாய்க்குள் சும்மா இருப்பதில்லை. வெப்பநிலை மாற்றத்துக்கும் கண்ணாடி, பிளாஸ்டிக் பரப்புகளுக்கும் எதிர்வினையாற்றி, புதிய மரபணுக்களை இயக்கத் தொடங்குகின்றன. சாதாரணக் குழாயில் எடுத்துச் சில மணிநேரம் வைத்த குருதியை ஆராய்ந்தால், நோயின் கதையோடு குழாயின் கதையும் கலந்தே கிடைக்கும். ஆகவே பேக்ஸ்ஜீன் எனப்படும் குழாயைப் பயன்படுத்துகிறோம். அதனுள் இருக்கும் கரைசல் கலங்களை உடனே உடைத்து, ஆர்என்ஏயை அந்தக் கணத்திலேயே நிறுத்திவைக்கிறது. 2.5 மில்லிலீற்றர் குருதி. அதற்குமேல் வேண்டாம், குறையவும் கூடாது. வேறு குழாய்களுக்குக் குருதி எடுத்து முடிந்த பிறகு, கடைசியாக இதற்கு எடுக்க வேண்டும். எடுத்ததும் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்.

வார்ட்டில் காலை வேளையில் தாதியருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பது தெரிந்தும், பக்கத்தில் நின்று சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. “மிஸ், இதைக் குலுக்க வேண்டாம், சும்மா கவிழ்த்துக் கவிழ்த்து எடுங்கோ.” “எல்லாக் குழாயையும் ஒரே மாதிரித்தானே பிள்ளை செய்யிறது?” என்று அவர் கேட்டுக்கொண்டே, சொன்னபடி செய்து தருவார். கலங்காத கரைசலின் மேல் குருதி சிவப்புப் படலமாக நிற்பதும், கவிழ்க்கக் கவிழ்க்க இரண்டும் ஒன்றாகிக் கருஞ்சிவப்பாகத் தடிப்பதும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தடிப்பு வராத குழாயில் பாதிக் கலங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள்.

அறை வெப்பநிலையில் மூன்று நாள் தாங்கும் என்று அந்தக் குழாயின் அறிவுறுத்தலில் இருக்கும். அறை வெப்பநிலை என்று அதில் குறிக்கப்படுவது 18 முதல் 25 பாகை செல்சியசு வரை. பொரளைச் சந்தியில் வெயிலில் நெரிசலுக்குள் நிற்கும் வாகனத்தின் உள்ளே இருக்கும் வெப்பநிலை அதுவன்று. ஐரோப்பிய அறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அறிவுறுத்தல்களைக் கொழும்பில் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால், சொல்லைப் பின்பற்றியதாக இருக்கும், பொருளைப் பின்பற்றியதாக இராது. எங்கள் மாதிரிகள் குளிர்ப் பெட்டியில் வருகின்றன; ஆய்வுகூடத்தில் குளிரூட்டிய அறையில் குறைந்தது இரண்டு மணிநேரம் நிமிர்த்தி வைக்கப்பட்ட பிறகே உறைநிலைக்குப் போகின்றன. எல்லா மாதிரிக்கும் ஒரே வழி, ஒரே கால அளவு. வழி சிறந்ததா என்பதைவிட எல்லாவற்றுக்கும் ஒன்றா என்பதே இங்கே முக்கியம்.

ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் நாளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கையுறை, முகமூடி, நொதியம் நீக்கிய நீர், தனி மேசை, பேச்சைக் குறைத்தல். கிடைத்ததன் தூய்மையை 260, 280 நானோமீற்றர் அலைநீளங்களில் உறிஞ்சும் ஒளியின் விகிதத்தால் பார்க்கிறோம். அது 2க்கு அருகில் இருக்க வேண்டும். சிதையாமல் இருக்கிறதா என்பதை அந்த விகிதம் சொல்லாது. அதற்குப் பயோஅனலைசர் என்ற கருவி 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. தூது ஆர்என்ஏ மொத்த ஆர்என்ஏயில் சில சதவீதம் மட்டுமே என்பதால், பெரும்பான்மையான ரைபோசோம் ஆர்என்ஏயின் 28எஸ், 18எஸ் என்ற இரு முகடுகளின் கூர்மையைப் பார்த்து மீதியை ஊகிக்கிறார்கள். குருதிக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. இளஞ் செங்கலங்களில் எஞ்சியிருக்கும் குளோபின் தூது ஆர்என்ஏ, முழுக் குருதியின் தூது ஆர்என்ஏயில் பாதிக்கும் மேல் இடம்பிடித்துவிடும். நாம் தேடும் வெண்கலச் செய்திகள் அந்தக் கூட்டத்தில் அமுங்கிப் போகாதிருக்க, குளோபினைத் தனியே பிடித்து நீக்கும் படியொன்றைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு படியும் ஆர்என்ஏயில் ஒரு பங்கை இழக்கச் செய்யும்.

பிறகு சாயமேற்றல். எதிர்ப் படியெடுப்பு நொதியம், தூது ஆர்என்ஏயின் வாலிலுள்ள அடினின் தொடரைப் பிடித்துக்கொண்டு டிஎன்ஏப் பிரதியொன்றை எழுதுகிறது. 1970இல் ஹாவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே வைரசுகளில் கண்டுபிடித்த நொதியம் இது. அந்த டிஎன்ஏயிலிருந்து இன்னொரு நொதியம் மீண்டும் ஆர்என்ஏயைப் பெருமளவில் படியெடுக்கிறது. அப்போது சை3 என்ற சாயம் பூண்ட எழுத்துக்கள் இடையிடையே நுழைகின்றன. குழாயின் அடியில் இளஞ்சிவப்பாகச் சிறிதளவு திரவம் மிஞ்சும். 100 நானோகிராம் ஆர்என்ஏயில் தொடங்கி இவ்வளவு பெருக்க முடிவது வியப்புக்குரியது என்றாலும், பெருக்கல் எல்லா மரபணுவையும் ஒரே விகிதத்தில் பெருக்குவதில்லை. ஒரே மாதிரியின் இரு வெவ்வேறு மரபணுக்களின் ஒளிர்வை ஒப்பிட்டு, இது அதைவிட அதிகம் என்று சொல்வது தவறாவதற்கு இது ஒரு காரணம். துண்டுகளின் பிணைப்பு வலிமை இடத்துக்கிடம் வேறுபடுவது இன்னொரு காரணம். ஒரே மரபணுவை இரு மாதிரிகளுக்கிடையில் ஒப்பிடுவதற்கே மைக்ரோஅரே ஏற்றது. இதை மாணவர்களுக்கு ஒருமுறை சொன்னால் போதாது.

சாயமேற்றிய ஆர்என்ஏயைத் தகட்டின் துண்டுகளோடு ஒட்டவிடும் கலப்பின் நாளே எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நாள். அடியில் ஒரு வெறுந்தகடு. அதில் இரப்பர் விளிம்புகளால் பிரிக்கப்பட்ட எட்டுச் சிறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் 40 மைக்ரோலீற்றர் கரைசலை, பிப்பெற்றின் முனை இரப்பரைத் தொடாமல், நடுவில் இழுத்தாற்போல விட வேண்டும். எட்டும் நிரம்பியதும், புள்ளிகள் அச்சிடப்பட்ட தகட்டை முகம் கீழாகப் பிடித்து, நடுங்காமல், ஒரே தடவையில் சமமாக இறக்க வேண்டும்; சரித்து வைத்தால் ஓர் அறையின் கரைசல் பக்கத்து அறைக்குள் ஓடிவிடும், இரு நோயாளிகள் ஒருவராகிவிடுவார்கள். இறுக்கிய பின் செங்குத்தாகப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தால், ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரிய குமிழி தடையின்றி உருண்டு ஓட வேண்டும். அந்தக் குமிழிதான் கரைசலைக் கலக்குகிறது. சின்னஞ்சிறு குமிழியொன்று மூலையில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், மேசையின் விளிம்பில் மெதுவாகத் தட்டி அதை விடுவிக்க வேண்டும்; விடுபடாவிட்டால் அது நின்ற இடத்திலுள்ள புள்ளிகள் மறுநாள் கறுப்பு வட்டமாகத் தெரியும். பிறகு 65 பாகையில் 17 மணிநேரம், நிமிடத்துக்குப் பத்துச் சுற்று.

17 மணிநேரம் மின்சாரம் தடைப்படாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, 2022இன் முற்பகுதியில் கொழும்பில் யாருக்கும் சிரிப்பையே வரவழைத்திருக்கும். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை போனது. பிறப்பாக்கி இருந்தது, அதற்கு டீசல் இல்லை. இருந்த டீசல் மறை 80 பாகையில் மாதிரிகளைக் காத்த ஆழ்குளிரூட்டிகளுக்கே போதும் போதாததாக இருந்தது. அக்காலத்தில் ஒரு கலப்பைக்கூடத் தொடங்கக் கூடாது என்று முடிவெடுத்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். நொதியங்கள் வேறு, உலர்பனிக்கட்டியில் பொதியப்பட்டுக் கட்டுநாயக்க விமான நிலையம் வழியாக வருபவை. பொதி, போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறையோடு ஒட்டிய வார இறுதியில் வந்திறங்கினால், உரிய கையொப்பம் கிடைக்கும்வரை உலர்பனி ஆவியாகிக்கொண்டே இருக்கும். அப்படியொரு பொதி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே எங்கள் கையில் கிடைத்தது. நொதியம் வேலை செய்யும், ஆனால் எவ்வளவு வேலை செய்யும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது என்பதால் அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டோம்.

கழுவும் மேசையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய முறையில் ஒரு மாதிரிக்குப் பச்சையாக ஒளிரும் சை3, மற்ற மாதிரிக்குச் சிவப்பாக ஒளிரும் சை5 என இரண்டையும் ஒரே அணியில் ஊற்றி விகிதத்தைப் பார்ப்பார்கள். சை5 காற்றிலுள்ள ஓசோனால் அழிகிறது என்பதும், பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவான ஓசோன்கூட உலர்ந்த தகட்டின் சிவப்பை மங்கச் செய்யும் என்பதும் 2003இல் வெளியான ஆய்வொன்றில் தெளிவாயிற்று. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்தால் ஓசோன் பிறக்கும். சிவப்பு மட்டும் மங்கினால் எல்லா விகிதமும் பச்சைப் பக்கம் சாயும். பார்ப்பவர் அதை உயிரியலென்றே எண்ணக்கூடும். ஒற்றைச் சாய முறையை நாங்கள் தெரிவுசெய்ததற்குச் செலவைவிட இதுவே பெரிய காரணம்.

ஸ்கேனரில் 532 நானோமீற்றர் பச்சை லேசர் தகட்டின் மீது வரி வரியாக ஓடுகிறது. திரையில் கருவானத்தில் புள்ளிகள் நிறைந்தாற்போல ஒரு படம் வரும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கைபேசியில் அதைப் படமெடுத்துக்கொள்வார்கள். நான் பார்ப்பது கறுப்பு வட்டங்கள், கீறல்கள், ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் படிப்படியாகக் கூடும் வெளிச்சம் ஆகியவற்றைத்தான். 16 பிட் படத்தில் ஒரு படப்புள்ளிக்குரிய உச்ச எண் 65,535. அதைத் தொட்ட புள்ளி எவ்வளவு பிரகாசமானது என்பது தெரியாது. அளவுகோல் முடிந்துவிட்டது என்பது மட்டுமே தெரியும். அடிப்பக்கத்திலும் அவ்வாறே, பின்னணி ஒளியோடு கலந்துவிட்ட புள்ளி அணைந்த மரபணுவா, மெல்ல இயங்கும் மரபணுவா என்று பிரித்தறிய இயலாது. அதன்பின் எண்களை இரண்டின் அடியில் மடக்கையாக்கி, அணிகளுக்கிடையில் சமப்படுத்தி, ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் லிம்மா என்ற மென்பொருள் பொதியால் ஒப்பிடுகிறோம். 20,000 மரபணுக்களை நூற்றுக்கு ஐந்து என்ற பிழை எல்லையில் சோதித்தால், ஒன்றுமே நடக்காதபோதும் 1,000 மரபணுக்கள் மாறியதாகத் தோன்றும். இதைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி, ஹொக்பெர்க் முறையும் முதல் மைக்ரோஅரேக் கட்டுரையும் ஒரே ஆண்டில், 1995இல், வெளிவந்தன. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருந்ததைப் போல.

இத்தனை கணக்கும் திருத்த முடியாத பிழை, மாதிரிகளை எந்தத் தகட்டில், எந்த நாளில் வைத்தோம் என்பதில் இருக்கிறது. கடும் நோயாளிகள் எட்டுப் பேரையும் ஒரு தகட்டிலும், இலேசான நோயாளிகள் எட்டுப் பேரையும் மறு தகட்டிலும் வைத்துவிட்டால், கண்ட வேறுபாடு நோயினுடையதா தகட்டினுடையதா என்பதை எந்தப் புள்ளியியலாளராலும் பிரித்துத் தர முடியாது. 2007இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளியினருக்கும் சீன, சப்பானிய வம்சாவளியினருக்கும் இடையில், ஆராய்ந்த மரபணுக்களில் ஏறத்தாழ காற்பங்கின் வெளிப்பாடு வேறுபடுகிறது என்று அறிவித்தது. அதே ஆண்டில் ஜோசுவா ஏக்கியும் சக ஆய்வாளர்களும் பொதுத் தரவைத் திறந்து பார்த்தபோது, ஐரோப்பியரின் அணிகள் பெரும்பாலும் முந்திய ஆண்டுகளிலும் ஆசியரின் அணிகள் பிந்திய ஆண்டுகளிலும் செய்யப்பட்டிருந்தமை தெரியவந்தது. ஆண்டைக் கணக்கில் சேர்த்தால் இன வேறுபாடென்று சொல்ல அதிகம் எஞ்சவில்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மாதிரிகளைப் பிரித்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரக்கூடிய இந்நாட்டில், ஒரு வார்ட்டின் மாதிரிகள் ஓராண்டிலும் இன்னொரு மாவட்டத்தின் மாதிரிகள் மறு ஆண்டிலும் சேர்ந்தால் என்ன தலைப்பு வெளிவரும் என்பதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் தகட்டு ஒழுங்கு குலுக்கலில் தீர்மானிக்கப்படுகிறது: ஒவ்வொரு தகட்டிலும் கடியவரும் இலேசானவரும் ஆணும் பெண்ணும் சிறுவரும் பெரியவரும் கலந்திருக்க வேண்டும். எட்டு இடங்களுக்குள் இதை அமைப்பதற்காக மாதக்கணக்கில் மாதிரிகளைச் சேமித்துக் காத்திருக்கிறோம். “அக்கா, நாலு மாதிரி ரெடியாத்தானே இருக்கு, ஓட்டிப் பார்ப்பமா?” என்று மாணவி கேட்கும்போது, வேண்டாம் என்பதே என் பதில்.

குலுக்கலும் தீர்க்காத ஒன்று உண்டு. டெங்கின் முதல் நாட்களில், வைரசுக்கு எதிராக உடல் சுரக்கும் இன்டர்ஃபெரோனால் தூண்டப்படும் மரபணுக்களான ஐஎஃப்ஐடி1, ஓஏஎஸ்1, எம்எக்ஸ்1 போன்றவை உச்சத்தில் ஒளிரும். வைரசு குறையக் குறைய அவையும் அடங்கும். திரவக் கசிவு தொடங்கும் கட்டமோ காய்ச்சல் தணியும் வேளையில்தான் வருகிறது. ஆகவே கசிவுக்குப் பிறகு எடுத்த கடும் நோயாளியின் குருதியையும் காய்ச்சலின் இரண்டாம் நாளில் எடுத்த இலேசான நோயாளியின் குருதியையும் ஒப்பிட்டால், இன்டர்ஃபெரோன் மரபணுக்கள் கடும் நோயில் குறைகின்றன என்ற முடிவு தவறாமல் வரும். அது நோயின் கடுமையைச் சொல்கிறதா, நாட்காட்டியைச் சொல்கிறதா? காய்ச்சல் தொடங்கிய நாளைச் சரியாகக் கேட்டு எழுதுவது இந்த ஆய்வில் மிகப் பெறுமதியான அளவீடு. அதற்குக் கருவி எதுவுமில்லை, “காய்ச்சல் எண்டைக்குத் தொடங்கினது அம்மா, அண்டைக்குப் பள்ளிக்கூடம் போனவரோ?” என்று பிள்ளையின் தாயிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் குருதியின் கலவையில் இருக்கிறது. வெள்ளவத்தைச் சந்தையில் இன்று தமிழ் ஒலி நேற்றையதைவிட உரத்துக் கேட்கிறதென்றால், தமிழர்கள் உரக்கப் பேசினார்கள் என்றும் கொள்ளலாம், கூடுதலான தமிழர்கள் வந்திருந்தார்கள் என்றும் கொள்ளலாம். தூரத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். மைக்ரோஅரே தூரத்தில் நிற்கும் செவி. டெங்கில் வெண்கலங்களின் மொத்த எண்ணிக்கை விழுகிறது, நியூத்திரோபில்கள் என்ற வெண்கல வகை குறைகிறது, உருமாறிய நிணநீர்க் கலங்கள் பெருகுகின்றன. பிறபொருளெதிரி சுரக்கும் பிளாஸ்மாபிளாஸ்ட் கலங்கள் நோயின் கடும் கட்டத்தில் குருதியின் நிணநீர்க் கலங்களில் 30 சதவீதம் வரை எட்டக்கூடும் என்று 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்த நாட்களில் எடுத்த குருதியை அணியில் ஊற்றினால் பிறபொருளெதிரி மரபணுக்களும் கலப்பிரிவு மரபணுக்களும் பட்டியலின் உச்சியில் வந்து நிற்கும். அங்கே எந்த மரபணுவும் எந்தக் கலத்திலும் தன் வேகத்தை மாற்றாமலே இருந்திருக்கலாம். வேறு கலங்கள் வந்து நிறைந்தன, அவ்வளவே. மாறுபட்ட மரபணுக்கள் இவையென்று நீண்ட பட்டியல் தரும் பல கட்டுரைகளை, இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு மறுபடி வாசித்தால் பாதிப் பக்கம் உதிர்ந்துவிடும்.

கலவையைக் கணக்கால் பிரிக்கும் மென்பொருள்கள் உண்டு. 2015இல் வந்த சைபர்சோர்ட், மைக்ரோஅரேத் தரவிலிருந்தே 22 வகை நிர்ப்பீடனக் கலங்களின் அடையாளக் குறிகளைத் தொகுத்து, கலந்த மாதிரியில் எது எவ்வளவு என்று மதிப்பிடுகிறது. உதவியானதுதான், ஆனால் ஆரோக்கியமான குருதியில் பழகிய குறிகள் டெங்கின் உருமாறிய கலங்களை எவ்வளவு அடையாளம் காணும் என்ற ஐயம் எனக்கு உண்டு. டெங்கு வார்ட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் அடிக்கடி எஃப்பிசி எனப்படும் முழுக் குருதிக் கல எண்ணிக்கை எடுக்கிறார்கள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் வெண்கல எண்ணிக்கை, நியூத்திரோபில் சதவீதம், நிணநீர்க் கலச் சதவீதம், குருதிச் சிறுதட்டுகள், பிசிவி என்ற செங்கலக் கனவளவு விகிதம் எல்லாம் நேரத்தோடு எழுதப்பட்டிருக்கும். பேக்ஸ்ஜீன் குழாயை எடுத்த அதே நேரத்து எஃப்பிசி றிப்போட்டை ஒவ்வொரு மாதிரியோடும் இணைத்து, அந்தச் சதவீதங்களைப் புள்ளியியல் கணக்கில் சேர்த்துவிட்டால், உச்சியில் நின்ற மரபணுக்களில் பல சத்தமின்றிக் கீழே இறங்கிவிடுகின்றன. இறங்காமல் நிற்பவையே நமக்கு வேண்டியவை. வார்ட்டில் கையால் எழுதப்பட்ட அந்த அட்டையின்றி, விலையுயர்ந்த தகட்டின் எண்களுக்குப் பாதிப் பொருள்தான்.

பட்டியலைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. எக்செல்லில் அதைத் திறந்தால் செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்கள் திகதிகளாக மாறிவிடும். 2004இலேயே இதை எழுதிக்காட்டினார்கள். இருந்தும் தொல்லை ஓயாததால், 2020இல் மரபணுப் பெயர்க் குழுவே அப்பெயர்களை மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்துவதைவிட மனித மரபணுவின் பெயரைத் திருத்துவது இலகுவாக இருந்திருக்கிறது.

“இன்னும் மைக்ரோஅரேயா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2008 அளவில் ஆர்என்ஏ வரிசைப்படுத்தல் வந்த பிறகு, உச்ச எல்லையும் முன்கூட்டித் தெரிவுசெய்த துண்டுகளும் இல்லாமல் அளக்க முடிகிறது என்பது உண்மை. புதிதாக ஆய்வுகூடம் தொடங்குபவருக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் குழாய், வெப்பநிலை, தகட்டு ஒழுங்கு, காய்ச்சல் நாள், கலவை என்று இதுவரை சொன்ன எதையும் வரிசைப்படுத்தல் தீர்த்துவைப்பதில்லை. கருவி மாறினாலும் குருதி அதே குருதிதான். இன்னொன்று: 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஜியோ என்ற அமெரிக்கப் பொதுத் தரவுத்தளத்தில், உலகெங்கும் செய்யப்பட்ட மைக்ரோஅரே ஆய்வுகளின் மூல எண்கள் இலவசமாகக் கிடக்கின்றன. எந்த மாதிரி, எந்த முறை என்ற விவரத்தோடு மூலத் தரவை ஒப்படைக்க வேண்டும் என்று 2001இல் வகுக்கப்பட்டது மியாமே நியமம்; பொதுத் தரவு இல்லாவிட்டால், ஏக்கியால் அந்த ஆண்டு வேறுபாட்டைக் கண்டிருப்பது கடினம். டொலர் இல்லாத காலத்தில் எங்கள் மாணவர்கள் ஆய்வை நிறுத்தவில்லை. தென்கிழக்காசிய டெங்கு நோயாளிகளின் பழைய அணிகளை இறக்கி, காய்ச்சல் நாள் தரப்பட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்து, சாதாரண மடிக்கணினியில் மறுபடி ஆராய்ந்தார்கள். ஒரு டெங்குத் தொகுதியில் சேர்க்கை நாள் இருந்தும் காய்ச்சல் நாள் இல்லாததைக் கண்டு அவர்கள் கோபப்பட்டபோது, வார்ட்டில் அந்தக் கேள்வியை நான் ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைத் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது கையில் இருப்பது, எஃப்பிசியைச் சேர்த்த பிறகும் நின்ற ஒரு குறுகிய பட்டியல். அதிலுள்ள மரபணுக்களை, பிரதிகளைப் பெருக்கிக்கொண்டே அளக்கும் நிகழ்நேர பிசிஆரில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். அணியில் சேராத புதிய நோயாளிகளின் குருதியில்தான், ஏனெனில் அதே மாதிரியில் மறுபடி அளப்பது அளவீட்டைச் சரிபார்க்குமே தவிர முடிவைச் சரிபார்க்காது. பிசிஆருக்கும் மாறாத ஒப்பீட்டு மரபணுவொன்று வேண்டும். பலரும் வழக்கமாக எடுக்கும் ஜிஏபிடிஎச், டெங்குக் குருதியில் நாளுக்கு நாள் நகர்வதை எங்கள் அணிகளிலேயே பார்த்துவிட்டதால், அணித் தரவில் மிகக் குறைவாக அசைந்த மூன்று மரபணுக்களைத் தெரிந்தெடுத்து, அவற்றின் சராசரியை அடியாகக் கொண்டிருக்கிறோம். அவற்றுக்கான முன்தொடக்கிகளுக்கு, அதாவது பிசிஆரைத் தொடக்கிவைக்கும் குறு டிஎன்ஏத் துண்டுகளுக்கு, கட்டளை கொடுத்தாயிற்று. பொதி வரும் வாரத்தில் போயா இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம்.